ஒற்றைக் கால் ஷூவின் நிறம்

அன்று சாயங்காலத்துக்குள் துணியின் கலர் சேராவிட்டால் சாய லேப் மாஸ்டர் செல்வராஜை வேலையை விட்டு அனுப்பிவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. 2000-களின் நடுவில், அவிநாசிப் பக்கம் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக நான் இருந்தபோது நடந்தது இது.

விவகாரம் ஒரு ஷூ. வெளிநாட்டுக் கூடைப்பந்து வீரர் ஒருவரின் பெயரில், அவர் ஆடிய காலத்தில் வந்தது. கணுக்காலில் அவர் கையெழுத்து இருக்கும். அவர் ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து அதையே ‘ரெட்ரோ’ என்று மறுபடி கொண்டுவந்தார்கள். கூடவே விற்கும் டி-ஷர்ட் ஆர்டர் எங்களுக்கு. அடிப்பாகத்தின் வெள்ளையிலேயே துணி வேண்டுமென்று, பழைய ஒரிஜினலில் இடது காலை மட்டும் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பியிருந்தார். யாருமே போடாத ஷூ. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை நானே வைத்திருந்தேன்.

செல்வராஜ் திருநெல்வேலிக்காரர், கலர் பிடிப்பதில் கெட்டி. கலர் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்தால், அவர் சாயம் போட்ட சாம்பிள் துணி ஷூவோடு அச்சாகச் சேரும். அடுத்த வாரம் எடுத்தால் சேராது. ஷூ கொஞ்சம் மஞ்சளாகியிருக்கும். மூன்றாம் தடவை அவர் அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

“போன வாரம் இருந்த ஷூ இது இல்ல சார். உள்ள யாரோ கால விட்டிருக்காப்ல இருக்கு,” என்றார்.

முதலாளி என்மேல் எரிந்து விழுந்தார். “சாயம் போடத் தெரியாதவனுக்குப் பேய்க் கதை வேறயாங்க?”

கெடு வைத்த அன்று மதியம் அவர்கள் இருவர் முன்னால் பீரோவைத் திறந்தேன். ஷூவைப் போட்டிருந்த கவருக்குள் குருணை அரிசிபோல ஏதோ சலசலத்தது. ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்துக் கையை எடுத்துக்கொண்டேன். குதிகால் மெல்ல அமுங்கியது, கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவர் காலை ஊன்றுவதுபோல. பிறகு அடிப்பாகம் முழுக்கப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பயந்துபோனேன், சொல்வதற்கென்ன.

பையருக்கு மெயில் போட்டேன். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருந்த வலது காலும் அதே வாரம் உதிர்ந்துவிட்டதாம். அந்தக் காலத்து ஃபோம் ஈரத்தை இழுத்து மஞ்சளாகி நொறுங்கும் என்று எழுதி, கலருக்குப் புது ஷூவை அனுப்பினார். செல்வராஜ் முதல் வாரம் போட்ட சாம்பிள் அதோடு அப்படியே சேர்ந்தது. அவர் வேலை தப்பியது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கலர் சேரவில்லையென்றால் ஆளைத் திட்டுமுன், எதை வைத்துப் பார்க்கிறோமோ அதை முதலில் பாருங்கள்.

மெயிலில் இன்னொன்றும் இருந்தது. யாராவது போட்டு நடந்திருந்தால் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்குமாம். செல்வராஜிடம் சொன்னேன்.

“நடக்கணும்னு கெடந்து தவிச்சிருக்கு சார்,” என்றார்.

மேஜையில் அப்போதும் அப்படியே கிடந்த அந்தப் பொடியைப் பெருக்கி அள்ள எங்களில் யாரும் முன்வரவில்லை.