ஷோகேஸில் இருந்த பைப்பு

புகையிலை பைப்புக்கு மெழுகு போடத் தெரிந்தவன் விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் தொழில் தெரிந்ததால் இந்த ஊரில் ஒரு டீகூடக் கிடைக்காது. நான் பைப்பு பிடித்ததும் இல்லை. பீடியைக்கூடத் தொட்டதில்லை.

வளைகுடாவில் பதினோரு வருஷம் ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடம் ஆபீஸ் பாயாக இருந்தேன். டீ போட வேண்டும், ஃபைல் தூக்க வேண்டும், வியாழக்கிழமை ஆனால் அவருடைய ஏழு பைப்புகளையும் துடைத்து மெழுகு போட வேண்டும். அங்கே போவதற்கு முன்னால் இங்கே ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு அடியில் மெழுகு தடவிக்கொண்டிருந்தேன். அடியில் மெழுகு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு ஏறாது, பொம்மை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளாது. சூளை பற்றியதும் மெழுகு எரிந்து காணாமல் போய்விடும். மெழுகைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற திமிரோடு, முதல் வியாழக்கிழமை ஒரு மெழுகுவத்தியை உருக்கி ஏழு பைப்புக்கும் பிரஷ்ஷால் தாராளமாகத் தடவி வைத்தேன். மேனேஜர் பற்றவைத்தார். கட்டை சூடானதும் மெழுகு இளகி அவர் விரலெல்லாம், மீசையெல்லாம் பிசுபிசுத்தது. அவர் திட்டிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

அதற்கென்று வேறு மெழுகு இருக்கிறது. எங்கோ தூர தேசத்துப் பனை ஓலையில் சுரண்டி எடுப்பது, கல் மாதிரி இருக்கும். மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரத்தில் அதை ஒரு நொடி காட்டிவிட்டு, பிறகு பைப்பைக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். புகைத்த சூட்டோடு போடக்கூடாது. புகையிலை வைக்கும் குழிக்குள் ஒரு துளி போகக்கூடாது. சொரசொரப்பான பைப்புக்கு இது ஆகாது, பள்ளங்களில் வெள்ளை வெள்ளையாக நின்றுவிடும். வழவழப்பான மரத்தில்தான் மெல்லிசாக ஏறி, கை வேர்வை இறங்காமல் காக்கும். இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

வேலையை விட்டு வந்தபோது மேனேஜர் ஒரு பைப்பை எனக்குக் கொடுத்தார். என் மனைவி அதைக் கண்ணாடி ஷோகேஸில் வைத்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "அங்க மேனேஜரா இருந்தாருல்ல" என்றாள். பொய் சொன்னது அவள். தலையாட்டியது நான். மாதத்துக்கு ஒரு தடவை தையல் மெஷின் மோட்டாரில் துணிச் சக்கரம் மாட்டி, அந்தப் பைப்புக்கு மெழுகு போட்டு வந்தேன். பதினோரு வருஷத்தில் என் கை செய்த வேலைக்கு அது ஒன்றுதான் சாட்சி.

போன கோடையில் சேத்தியாத்தோப்பிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மகளுக்கு அந்தப் பையனை மிகவும் பிடித்திருந்தது. இது முடிய வேண்டுமே என்று ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து உட்கார்ந்த வேகத்தில் ஷோகேஸைப் பார்த்தார்.

"இது என்னா பாய், பொகை புடிக்கிற சாமானா?"

"மேனேஜருங்க எல்லாம் வச்சிக்கிறதுங்க அது" என்றாள் என் மனைவி.

"எங்க வூட்டுல பொகை, தண்ணி ரெண்டும் ஆவாது. அது ஒண்ணுதான் நாங்க பாக்குறது. நீங்க புடிப்பீங்களா பாய்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பியின் சட்டையிலிருந்து பீடி நாற்றம் ஹால் முழுக்க அடித்தது. அது அந்த வீட்டுப் புகையில் சேராது போலிருக்கிறது.

இல்லை என்றால் பைப்பு ஏது என்று கேட்பார்கள். அதற்கு உண்மையைச் சொன்னால் நான் மேனேஜர் இல்லை, பைப்பு துடைத்தவன் என்பது வெளியே வந்துவிடும். மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி புடிச்சேங்க. வுட்டுட்டேன்" என்றேன்.

உள்ளே இருந்து என் மகள், "அத்தா!" என்றாள். பழைய கஷ்டத்தை நினைத்துப் பிள்ளை கலங்குகிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"மாஷா அல்லாஹ்! வுடுறதுதான் பாய் பெருசு. புடிக்காதவன் புடிக்காம இருக்குறதுல என்னா இருக்குது?" என்றார் தகப்பனார்.

ஐம்பத்தெட்டு வயது வரை பீடி தொடாத என்னிடம் இதைச் சொன்னார். நானும் சிரித்தேன்.

"வுட்டவரு இத ஏன் கண்ணு முன்னாடி வச்சிருக்கீங்க? அதுவும் இப்பிடி பளபளன்னு! சைத்தான் கூப்புட மாட்டானா? குடுங்க, போற வழியில வெள்ளாத்துல போட்டுடறோம். நல்ல காரியம் பேச வந்த எடத்துல கெட்டதும் ஒழிஞ்சுதுன்னு இருக்கட்டும்."

அப்போதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, நேரம் இருந்தது. ஷோகேஸைத் திறந்து பைப்பை எடுத்தேன். என் விரல் ரேகை பட்டுவிட்டதே என்று சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தேன். தம்பிக்காரர் அதைச் சட்டைப் பையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். அன்றைக்கே சம்பந்தம் பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனதும் மனைவி, "போனா போவுதுங்க. பொண்ணு வாழ்க்கைய வுட அது பெருசா?" என்றாள். மகள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கல்யாணப் புடவை பற்றிப் பேசினாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தம்பிக்காரருக்குப் போன் போட்டேன்.

"அத ஆத்துல போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு பாய். பாலத்து மேல பஸ்ஸு எங்க நிக்குது? ஜன்னல் வழியாதான் வீசுனேன்."

"தண்ணியில வுழுந்துதா?"

"இப்ப ஏது பாய் தண்ணி? மணல்ல வுழுந்திருக்கும், இல்ல ரோட்லயே வுழுந்துதோ என்னவோ. ஏன் கேக்குறீங்க? மறுபடியும் ஆச வருதா? வேணாம் பாய், மனச அடக்குங்க."

அடக்கிக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.