சம்பந்தி வீட்டு அரிசி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கும் நான் அப்படித்தான் கந்தளாயிலிருந்து குறிஞ்சாக்கேணிக்கு வந்து சேர்ந்தேன். என் பின்னாலேயே ஒரு மூட்டை அரிசியும் வந்தது. எங்கள் வயலில் அப்போதுதான் அறுத்த நெல்லை மில்லில் குற்றி, பெண் வீட்டுக்கு மரியாதையாக வாப்பா அனுப்பியிருந்தார்.

மாமி வீட்டில் உபசாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. நண்டுக் குழம்பு, இறால் பொரியல், நான் கதிரையில் உட்காரும் முன்பே என் பக்கம் திரும்பிவிடும் ஃபேன். சோறு மட்டும் குழைந்திருந்தது. முதல் நாள் பொறுத்தேன். ஒரு வாரம் பொறுத்தேன். எனக்குச் சோறு பொலபொலவென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும். இங்கேயோ கரண்டியை உதறினால்தான் சோறு விழுந்தது, அதுவும் கட்டியாக.

ஒரு மாதம் போனதும் மனைவியிடம் கேட்டே விட்டேன்.

"உங்கட உம்மாக்குச் சோறாக்கத் தெரியாதா?"

"வெள்ளிக்கிழமை உம்மா கல்யாண ஊட்டுக்குப் போறா. நீங்க ஆக்குங்க, பாப்பம்" என்றாள்.

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மாமிக்குக் கேட்டிருக்கும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. துறைமுகக் கந்தோர் கன்டீன் சமையல்காரரிடம் போய்ப் பாடம் கேட்டேன். தண்ணீரை நிறைய வை, கொதித்த பிறகு அரிசியைப் போடு, முக்கால் பதத்தில் வடித்துவிடு, தேசிக்காயைப் பிழிந்து நாலு துளி புளி விடு என்றார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். வடிக்கச் சரித்தபோது கஞ்சியோடு குழைந்த சோறும் சேர்ந்து வந்தது. மனைவி வாசலில் சாய்ந்து நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாண வீட்டில் பிரியாணி தின்றுவிட்டு வந்த மாமி, நான் ஆக்கியது என்று தெரிந்ததும் ஒரு கோப்பைச் சோறு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"நல்லா இரிக்கி மகன்" என்றார்.

அடுத்த வாரம் வாப்பா எங்களைப் பார்க்க வந்தார். மாமி அவர் அனுப்பிய அரிசியிலேயே ஆக்கிப் போட்டார். வாப்பா ஒரு வாய் வைத்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்து மாமியிடம் கேட்டார்.

"மச்சி, இது நான் அனுப்பின அரிசியா?"

"ஓம் மச்சான்."

"அல்லாஹ்வே! புது அரிசி குழையாம என்ன செய்யும்? ஊட்டுல நாங்களே போன வருசத்து அரிசியத்தான் திங்கிறம். கட்டி வெச்சி அடுத்த வருசம் ஆக்கத்தானே இத அனுப்பினன்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெல் வயலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன்தான். பானைக்குள் அதற்கு என்ன நடக்கிறது என்று கல்யாணத்துக்கு முன் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மாமி எழுந்து குசினிக்குள் போனார். மாமி இருக்கும்போது மாப்பிள்ளை அங்கே போகும் வழக்கமில்லை. நான் பின்னாலேயே போனேன். மூலையில் இருந்த டிரம்மின் மூடியைத் திறந்தார். உள்ளே பாதிக்கு மேல் பழைய அரிசி.

"புது அரிசி குழையுமெண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமா மாமி?"

"முதல் நாள் கையில அள்ளக்குள்ளயே தெரியும்."

"அப்ப நான் அண்டைக்கு அப்படிக் கதைச்சதக் கேட்டுட்டும் ஏன் பேசாம இருந்தீங்க?"

"உங்கட வாப்பா ஆசையா அனுப்பின அரிசியக் கூடாதெண்டு சொல்ல ஏலுமா மகன்? எனக்கு ஆக்கத் தெரியாதெண்டே இருந்துட்டுப் போகட்டும்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பானையைக் கழுவச் சொல்லி என் கையில் தந்துவிட்டார். உலை கொதித்ததும் டிரம்மிலிருந்த பழைய அரிசியைப் போட்டார். மாமி பதம் பார்த்துச் சொல்ல, நான் வடித்தேன். மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. சந்தோசத்தில் நான் போட்ட சத்தத்துக்கு வாப்பா கையைக் கழுவாமலே ஓடி வந்தார்.

எல்லோருக்கும் உதிரிச் சோறு வந்தது. வாப்பா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். நான் மட்டும் ஆறிப்போன முதல் சட்டியை என் பக்கம் இழுத்து, குழைந்த சோற்றில் நண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். மாமி வேண்டாம் என்று கையைப் பிடித்தார். விடாமல் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"நல்லா இரிக்கி மாமி."