நான் அழித்த கோடு

ஊறிய ஆவாரம்பட்டையின் வாடை. ரயில் ஆம்பூரை நெருங்கும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு முகம் சுடும்.

அங்கே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். முதலாளி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட கையோடு மதராஸிலிருந்து புது மானேஜர் வந்தார். யார் யாருக்குக் கீழே என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“ஒரே தாள்ல படமாப் போட்டுக் குடும். மேல முதலாளி. அங்கேருந்து கோடு இழுத்துட்டு வாரும். ஒரு ஆளுக்கு ஒரே மேலாள்.”

ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். மானேஜர், நான், மேஸ்திரி, எல்லாரும் கட்டத்துக்குள் அடங்கினார்கள். சுண்ணாம்புக் குழிப் பெரியவர் மட்டும் அடங்கவில்லை. சுண்ணாம்பில் ஊறும் தோலைத் தூக்கிக் கட்டைவிரலால் மயிரைத் தள்ளிப் பார்ப்பார், “ஏத்து” என்பார், குழித் தோல் மொத்தமும் கரையேறும். மேஸ்திரி அவரைக் கேட்பார், அவர் மேஸ்திரியைக் கேட்டதில்லை. ஒரு நாள் பிந்தினாலும் தோல் சுண்ணாம்பில் வெந்துபோகும் வெயில் நாட்களில் முதலாளியே குழி ஓரம் வந்து, “இன்னா பெரியவரே, இன்னிக்கா நாளைக்கா?” என்று காத்து நிற்பார்.

உண்மைக் கோடு அவரிடமிருந்து நேரே முதலாளிக்குப் போகும். இழுத்தும் பார்த்தேன். சேரியிலிருந்து வருகிறவரின் கட்டம் என் கட்டத்துக்கும் மேலே, மானேஜர் வரிசையில் நின்றது. ரப்பரால் அழித்தேன். மேஸ்திரிக்குக் கீழே ‘குழி ஆட்கள்’ என்று ஒரு கட்டம். அதற்குள் அவரையும் தள்ளினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானாகவே செய்தேன்.

படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அன்றிலிருந்து குழிப் பேச்சு மேஸ்திரி வழியாகத்தான் மேலே வரவேண்டும் என்றாயிற்று.

சித்திரை வெயில். மேஸ்திரி பேரணாம்பட்டில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார். பெரியவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“மூணாம் குழி தாங்காது, ரைட்டரய்யா. இப்பவே ஏத்தணும்.”

“மேஸ்திரிகிட்ட சொல்லு.”

“அவரு நாளைக்கில்ல வர்றாரு. மானேஜரய்யாகிட்ட நீங்க ஒரு வார்த்தை…”

நான் சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். என் தகப்பன் வயது அவருக்கு.

பின்னால் நின்ற குழியாள் ஒருவன், “விடு பெரியவரே, மேஸ்திரி நிக்காஹ் பிரியாணி துன்னுட்டு வர்ற வரைக்கும் வேவாம இருன்னு தோலுகிட்ட சொல்லிட்டு வா” என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மூணாம் குழித் தோல்கள் நகம் பட்ட இடமெல்லாம் கிழிந்தன. மானேஜரின் விரல் படத்தில் மேலிருந்து இறங்கி, அடிக்கட்டத்தில் நின்றது. “குழியைப் பாக்கறவன் யாரு? எவனாவது முன்னாடியே சொன்னானா?” என்று என்னைப் பார்த்தார்.

பேனா முள்ளைத் துணியில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை போதும், பெரியவர் வேலை தங்கியிருக்கும். அந்த வார்த்தை என் கட்டத்தை அசைத்துவிடும் என்று பயந்தேன்.

மத்தியானமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

கேட்டருகே அவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு தின்ற கைகளைத் துண்டில் சுற்றியிருந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் தேவலை.

“எங்கே போவீங்க?” அன்றைக்குத்தான் என் வாயில் அந்த மரியாதை வந்தது.

“அத்த வுடுங்கய்யா. அஞ்சாம் குழிய நாளைக் காலைல ஏத்தணும். நான் சொன்னா ஆவாது. நீங்க சொல்லுங்க.”