டவுனில் ஒரு கோழிச் சட்டைக் கடை

எங்கள் ஊர் வாலிபால் கிளப்புக்கு டவுனில் கடை வேண்டும் என்று முதலில் சொன்னவன் என் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று முடிவெடுத்து அவன் ஊருக்கு வந்திருந்த சமயம் அது. நான் இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்லூரியில் படித்தபோது வாலிபால் ஆடியவள் என்பதாலும், எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேச வேறு ஆள் கிடைக்காததாலும் கிளப்புக்கு நான்தான் செயலாளர். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில்தான் கிளப் நடக்கிறது. மைதானம் கோயிலுடையது, நெட்டும் விளக்கும் எங்களுடையது.

கடையில் விற்க எங்களிடம் என்ன இருந்தது என்று கேட்டால், சட்டை. அதுவும் கோழிச் சட்டை.

விராலிமலை வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் மயில் மேயும். விடிகாலையில் எங்கள் மைதானத்திலும் நெட்டுக்குக் கீழே புகுந்து நடந்து போகும். அதனால் கிளப்புக்குச் சின்னம் மயில் என்று முடிவானது. படம் வரைந்தது நான். தம்பி சிங்கப்பூரில் இருந்தபடியே அதைத் திருப்பூருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, டீமுக்கு மாம்பழ மஞ்சளில் சட்டை அடிக்கச் சொன்னான். பார்சலைப் பிரித்தால் மயிலைக் காணோம். நெஞ்சில் இடம் பற்றவில்லை என்று அச்சடித்தவர்கள் தோகையை வெட்டிவிட்டிருந்தார்கள். கொண்டையும் பருத்த உடம்பும் மட்டும் மிஞ்சி, ஒரு நல்ல நாட்டுக்கோழி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திருப்பி அனுப்ப நேரமில்லை. மறுநாள் விராலிமலையில் போட்டி. வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு பையன்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் சுற்றி நின்ற கூட்டம் “கொக் கொக் கொக்” என்று கத்தியது. எங்கள் கேப்டன் பால் வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு முகம் சிவக்கச் சிவக்க ஆடினார். கோபத்திலேயே அரையிறுதியைத் தாண்டி, கோபத்திலேயே கோப்பையையும் வாங்கிவிட்டார்கள். கத்தின கூட்டமே கடைசியில் வந்து, “இந்தக் கோழிச் சட்ட எங்கங்க கெடைக்கும்?” என்று கேட்டது.

அன்றிலிருந்து சட்டைக்கு மவுசு பிடித்துக்கொண்டது. துபாயில் இருக்கிறவர்கள் கேட்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் கேட்டார்கள். எங்களிடம் தோற்றுப்போன ஊர்க்காரர்களும் கேட்டார்கள். மயிலைத் திருத்தி அடிக்கலாமா என்று நான் கேட்டதற்குத் தம்பி போனிலேயே கத்தினான். “அக்கா, கைய வச்சிராத. கோழிதான் நமக்கு ராசி.”

அவன் ஊருக்கு வந்த கையோடு கூட்டம் போடச் சொன்னான். ஒரு சாயங்காலம் ஆட்டம் முடிந்து, வேர்வையோடு எல்லோரும் மண்ணிலேயே உட்கார்ந்தோம். பங்குச் சாமியாரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

“புதுக்கோட்ட மாநகராட்சி ஆயிருச்சு,” என்று தம்பி ஆரம்பித்தான். “சிட்டின்னு ஆனதுக்கப்புறம் சிட்டிக்குத் தக்கன கட வேணாமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எடத்தப் புடிப்போம். சட்ட, தொப்பி, பை, தண்ணி பாட்டிலு. எல்லாத்துலயும் நம்ம கோழி.”

கேப்டன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “மாப்ள, சட்ட நல்லாருக்குன்னு யாரும் வாங்கல. நம்ம ஜெயிச்சோம்னு வாங்குறாங்க. நாளைக்கித் தோத்தா?”

“தோத்தாலும் வாங்குவாங்க மச்சான். அதுக்குப் பேருதான் கிளப்பு.”

“சரி, கடையில யாரு ஒக்காருறது? வெளயாடுற பயலுகள அங்கிட்டு ஒக்கார வச்சுட்டா இங்கிட்டு யாரு வெளயாடுறது?”

எனக்கும் கேப்டன் சொல்வதுதான் சரி என்று பட்டது. ஆனால் வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போதெல்லாம் வேன் வாடகைக்கு யாரிடம் பணம் கேட்பது என்று நாங்கள் தவிப்பதும் உண்மைதான். இரண்டு பக்கமும் குரல் ஏறியது. சாமியார்தான் நடுவில் புகுந்து, “கொஞ்ச நாளைக்குப் போட்டுப் பாருங்களேன். சரிப்படலன்னா எடுத்துருங்க,” என்றார். தம்பியின் கூட்டாளி ஒருவர் புதுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருந்தார். கடையில் பாதியைக் கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பிருந்து பொங்கல் வரை விட்டுத்தருவதாகச் சொன்னார். அரையாண்டு லீவு என்பதால் உட்காருவதற்கு நான் இருந்தேன், பள்ளிக்கூடம் திறந்ததும் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பொங்கல் முடிந்ததும் கைதூக்கி முடிவெடுப்பது என்று பேச்சானது.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பியைக் கேட்டேன். “எதுக்குடா ஒனக்கு இதுல இம்புட்டு ஆச?”

“சிங்கப்பூர்ல ஒரு பெரிய கட இருக்குக்கா. ஏதோ ஒரு தேசத்து ஃபுட்பால் கிளப்பு. அவங்க ஆட்டத்த நா ஒரு நா கூடப் பாத்ததில்ல. ஆனா லீவு நாள்ல ஏசிக்காக உள்ள போயி நிப்பேன். சும்மா சட்டையத் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். ஆளாளுக்கு வந்து சந்தோசமா வாங்கிட்டுப் போவாங்க. நம்ம ஊரு பேரு இப்புடி ஒரு ஹேங்கர்ல தொங்குனா எப்புடி இருக்கும்னு நெனச்சுக்குவேன்.”

இதைக் கேட்ட பிறகு கடை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடை திறந்த அன்றைக்கு அவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டான். வாசலுக்கு மேலே பெரிய மஞ்சள் போர்டு. அதில் ஆள் உயரத்துக்குக் கோழி. கிளப் பெயர் கோழியின் காலடியில் சின்னதாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது, சொல்லவில்லை.

முதலில் வந்தவர் கையில் எவர்சில்வர் தூக்கோடு வந்தார்.

“கிலோ என்னம்மா வெல?”

“ஐயா, இது சட்டக் கட.”

அவர் போர்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். “அப்ப கோழி?”

“கோழி சட்டையில இருக்குங்க.”

நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் போய்விட்டார். அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள் வந்து, உயிரோடா உரித்தா என்று கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் நிலைமை முற்றியது. வாசலில் பையோடு ஒரு வரிசையே நின்றது. தம்பி வெளியே போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, “கோழி இல்லைங்க, வாலிபாலுங்க,” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “வாலிபால்னா அது என்ன பிரியாணி?” என்று கேட்க, செல்போன் கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெரியவர் மட்டும் கடைசியில் உள்ளே வந்து பேரனுக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மற்றபடி வந்தவர்கள் ஸ்கூல் ட்ராக் பேன்ட் கேட்டார்கள், கிரிக்கெட் மட்டை கேட்டார்கள், போனுக்கு ஸ்க்ரீன் ஒட்டக் கேட்டார்கள். எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் சட்டை வாங்கினார்கள். தெரியாதவர்கள் கோழியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் கணக்கு நடத்தும்போது யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

புத்தாண்டு கழிந்து ஒரு மத்தியானம், காய்கறிப் பையோடு ஒரு அம்மா வாசலில் நின்று போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் கோழிதான் வேண்டுமோ என்று நான் எழுந்தேன். அவர் உள்ளே வந்து சட்டையை எடுத்துப் பிரித்தார். இடது கையால் எடுத்து, இடது கையால் மடித்து வைத்தார். அந்தக் கையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது.

“நீங்க காலேஜ்ல வாலிபால் ஆடுனவங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆமா. நீங்க?”

“இடது கையில ஸ்மாஷ் அடிப்பீங்க. எங்க டீமுக்கு எதுத்தாப்ல ஆடுனீங்க. ஒங்க பந்து ஒண்ணு எந் தோள்ல பட்டு ஒரு வாரம் வலிச்சுச்சு.”

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “செட்டரு! குட்டையா, துறுதுறுன்னு பந்தத் தூக்கிக் குடுப்பீங்களே, அந்த செட்டரா?” குட்டையாக இன்னமும்தான் இருக்கிறேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். அவருக்கு ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. இரண்டு பிள்ளைகளும் வெளியூரில் படிக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. நான் ஒரு சட்டையை எடுத்து அவர் அளவுக்கு வைத்துப் பார்த்தேன்.

“இத வாங்கி நா வீட்ல போட்டுக்கிட்டு என்னங்க பண்றது?” என்றார் அவர். “நீங்க ஆடுற எடத்துக்கு வந்தா ஆடலாமா? அதச் சொல்லுங்க.”

“நம்ம வயசுப் பொம்பளைங்களுக்கு டீம் இல்லைங்களே.”

“இல்லன்னா ஆரம்பிங்க. ஞாயித்துக்கெழம வாரேன்.”

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், மைதானத்தில் அவர் நிற்கிறார். கூட ஆபீஸ் தோழிகள் இரண்டு பேர், சுடிதார், ஷூ சகிதம். பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அவர்களைச் சும்மா நிற்க வைக்க முடியாது என்று நானும் இறங்கினேன். ஆள் போதவில்லை. கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த எங்கள் தெரு அக்கா ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். வேடிக்கை பார்க்க வந்த இன்னொருத்தியைக் கையைப் பிடித்து இழுத்தோம்.

பந்து எங்கெங்கோ போனது. ஒன்று சாமியார் வீட்டு முருங்கையில் விழுந்தது. சேலை கட்டின அக்கா போட்ட முதல் சர்வீஸ் அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது, எப்படிப் போனது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழைய பழக்கத்துக்கு வந்தது. ஒருமுறை நான் பந்தைத் தூக்கிக் கொடுக்க, அவர் எம்பி அந்த இடது கையால் அடித்தார். எம்பினது நாலு விரற்கடைகூட இருக்காது. ஆனால் பந்து கோட்டுக்குள் விழுந்த சத்தம் பழைய சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

கேப்டன் அன்றைக்குச் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். இரண்டாவது செட்டில் கோட்டுக்கே வந்துவிட்டார். “டீச்சர், கால அகட்டி வைங்க! யக்கா, பந்தப் பாருங்க, புருசனப் பாக்காதீங்க!” அவ்வளவு பேச்சு அவருக்குள் இருந்தது எங்களுக்கே தெரியாது. மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டு பால் ஊற்றினார் என்று கேள்வி.

பொங்கல் முடிந்து சொன்னபடி கைதூக்கினோம். டவுனில் நிரந்தரமாகக் கடை வேண்டும் என்று தூக்கியவை கொஞ்சம் கைகள்தான். நானும் தூக்கவில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, தம்பியும் ஒரு வேலையைத் தேடியாக வேண்டும், அங்கே உட்கார ஆளில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் வெறும் சட்டையை மட்டும் நீட்டினால் அது வெறும் சட்டைதான் என்பதும் எனக்குப் புரிந்திருந்தது. தம்பி போர்டைக் கழற்றி வண்டியில் ஏற்றி வந்தான். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் வைத்த மீன் குழம்பைக்கூட நல்லாருக்கு என்று சொல்லாமல் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் கேப்டன்தான் வீட்டுக்கு வந்தார். திண்டாடித் திண்டாடிப் பேசினார்.

“மாப்ள, டவுன்ல வேணாம்னுதான் சொன்னேன். கடையே வேணாம்னு சொல்லல. ஞாயித்துக்கெழம அம்புட்டுச் சனம் வருது. அந்த கிரவுண்டு ஓரத்துல வச்சா ஆகாதா?”

“அங்கிட்டு யாரு மச்சான் வாங்குவா?”

“ஆட்டத்தப் பாத்துட்டு வாங்குவாங்க. அப்புடி வாங்குறது வேற.”

தம்பி உள்ளே போய், டவுன் கடையிலிருந்து கொண்டுவந்த ஹேங்கர்களை எண்ணிப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு கிளம்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்து வேலியில் கயிறு கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தான். கதவில்லை, கண்ணாடியில்லை, ஏசியும் இல்லை. காற்றில் சட்டைகள் ஆடிக்கொண்டிருந்ததை அவன் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“எப்புடிடா இருக்கு?”

“நல்லாத்தாங்க்கா இருக்கு,” என்றான். “அங்க இருந்தப்ப ஆட்டம் தெரியாம சட்டையப் பாத்தேன். இங்க ரெண்டும் ஒண்ணாத் தெரியுது.”

இப்போது பெண்கள் டீமுக்கு அவன்தான் மேனேஜர். போன மாதம் விராலிமலைப் பக்கம் ஒரு போட்டிக்குப் போனோம். எங்கள் பிள்ளைகள் வயதுப் பெண்கள் எதிரில் ஆடினார்கள். ஒரு செட்டுகூட ஜெயிக்காமல் தோற்றோம். தோற்றுவிட்டு ஹைவேயில் ஒரு கடையில் நிறுத்திப் புரோட்டா சாப்பிட்டோம். இலை போட வந்தவர், “ஜெயிச்சுட்டு வாரீங்களாங்க?” என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருக்கிறார். தம்பி, “இல்லைங்க, தோத்துட்டு வாரோம். இன்னொரு செட்டு புரோட்டா போடுங்க,” என்றான்.

இடது கைக்காரம்மா சிவந்துபோன முன்கையை ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“டீச்சர், ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்கணுமா? புதன்கெழம ஆபீஸ் முடிஞ்சு வாரேன். வெளக்குப் போட்டு வைங்க.”