வாடியவரின் முதல் ஆல்பம்

என் மச்சான் பாடிய கேசட்டை முதல் ஆல்பம் என்று ஒப்புக்கொள்ளலாமா கூடாதா என்பது எங்கள் வீட்டில் வெகுகாலம் நடந்த வழக்கு. வாதி அவர், பிரதிவாதி நான். அவருக்குத் தங்கையும் எனக்கு மனைவியுமான ஒருத்திதான் நீதிபதி. தீர்ப்பு சொல்லாமல் இருவரையும் சமமாகத் திட்டுவது அவள் நடைமுறை.

நான் முதல் ஆல்பங்களை மட்டும் சேர்ப்பவன். சேலையூரில் எங்கள் வீட்டில் புடவை வைக்க வேண்டிய அலமாரியில் இசைத்தட்டும் கேசட்டும் சிடியுமாக அடுக்கி வைத்திருக்கிறேன். கர்னாடக சங்கீதம், கஜல், கானா, கிறிஸ்தவக் கீர்த்தனை, தலைமுடி வளர்த்த கித்தார்க் குழு என்று எந்த வகையானாலும் சரி, எந்தக் காலமானாலும் சரி, அது அவர்கள் முதன்முதலாக வெளியிட்டதாக இருக்க வேண்டும். முதல் ஆல்பத்துக்கென்று ஒரு முகம் உண்டு. அட்டைப் படத்தில் பாடகர் இரவல் சட்டை போட்டிருப்பார். தோள்பட்டை தொங்குவதைப் பார்த்தாலே தெரியும். பின்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை வரை வந்திருப்பார்கள். மூன்றாவது ஆல்பத்தில் கடவுளுக்கு மட்டும் நன்றி இருக்கும். ஐந்தாவதில் அவரும் இருக்கமாட்டார்.

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். தேதி போடாத தயிர் பாக்கெட்டைக்கூட மன்னிப்பேன், தேதி போடாத ஆல்பத்தை மன்னிக்கமாட்டேன். பாட்டுப் பதிவான நாள் வேறு, அட்டை அச்சான நாள் வேறு, வெளியான நாள் வேறு. மூன்றையும் குழப்பிக்கொண்டு எழுதிய புத்தகங்களை நிறையப் படித்து, ஓரங்களில் திருத்தி வைத்திருக்கிறேன். கடைசியில் நானே ஒரு சட்டம் செய்துகொண்டேன். உறவுக்காரர் அல்லாத ஒருவர் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்ட நாள்தான் ஓர் ஆல்பம் வெளியான நாள்.

மச்சானின் கேசட் இந்தச் சட்டத்தில்தான் மாட்டிக்கொண்டது. இளம் வயதில் பல்லாவரத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்மன் பாட்டுகள் பாடிப் பதிவு செய்தார். அட்டை அச்சாகி வந்தபோது ‘பாடியவர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வாடியவர்’ என்று இருந்தது. கேசட் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பைத் தாங்க முடியாமல் எல்லாப் பிரதிகளையும் அள்ளிவந்து பரணில் போட்டுவிட்டார். அதன்பின் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்ததோடு சரி.

“மாப்ளே, இந்த வருஷமாவது உங்க அலமாரில சேத்துக்குங்களேன். எனக்கும் அறுபது ஆகப்போகுது.”

“வெளியாகலையே மச்சான்.”

“உங்க தங்கச்சிக்குக் குடுத்தேனே?”

“அவ சொந்தம்.”

“சொந்தமா? போன தீபாவளிலேர்ந்து உங்களோட பேசறதே இல்லையே!”

நான் இளகவில்லை. அவர் முகம் அட்டையில் போட்டபடியே வாடும். சிரித்துக்கொண்டே போய்விடுவார், ஆனால் அன்று இரவு சாப்பிடவில்லை என்று அவர் மனைவி போன் செய்வார்.

இப்படி இருக்கையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி ஹாலில் ஒரு மாலை நடத்த ஆசைப்பட்டு வாட்ஸப் குழுவில் எழுதினேன். “வரும் ஞாயிறு மாலை ‘முதல் ஆல்பம்’ நிகழ்ச்சி. உங்களிடம் உள்ள முதல் ஆல்பத்தை எடுத்து வாருங்கள். அதன் தேதி, அது உருவான கதை பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள்.”

இவ்வளவு வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது மாடி டீச்சர், “எங்களுது பிளாக் அண்ட் ஒயிட். பரவாயில்லையா சார்?” என்று கேட்டார். பழைய இசைத்தட்டு! எனக்குத் தூக்கம் போயிற்று. “ரொம்ப வெயிட்டா இருக்கு, லிஃப்ட் ஓடுமா?” என்றார் ஒருவர். பெட்டி நிறைய வைத்திருக்கிறார் போலும். “அம்மாகிட்ட இருக்கு சார், அனகாபுத்தூர் போய் எடுத்துட்டு வரேன். வீடியோவும் உண்டு” என்றது ஓர் இளம் தம்பதி. மேடைக் கச்சேரிப் பதிவாக இருக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

தரைத்தளத்தில் கேன் தண்ணீர் வியாபாரம் செய்பவர் மட்டும் குழுவில் எழுதாமல் எனக்குத் தனியாக எழுதினார். “சார், என்கிட்ட ரெண்டு கீது. மொதலாவத எட்தாந்தா வூட்ல பேஜாராய்டும். ரெண்டாவத கொண்டாரட்டா?”

என் கொள்கைக்கே சவால். உடனே பதில் போட்டேன். “இரண்டாவது வேண்டவே வேண்டாம். எதிலும் முதலாவதில்தான் உயிர் இருக்கும். வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன்.”

அவர் கும்பிடும் கைகள் இரண்டை மட்டும் அனுப்பினார்.

ஞாயிறு மாலை என் டேப் ரிக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். மச்சான் தம் கேசட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். “நேரம் இருந்தா பாக்கலாம்” என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

லிஃப்ட் திறந்தது. டீச்சரும் அவர் கணவரும் வெல்வெட் உறை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை இருபுறமும் பிடித்துத் தூக்கிவந்து மேசைமேல் வைத்துத் திறந்தார்கள். மாலையும் கழுத்துமாக டீச்சர். அவருடைய உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்குக் கணவர் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்து ஸ்டூடியோ வித்தை.

அடுத்து வந்ததும் கல்யாண ஆல்பம். அதற்கடுத்ததும். ஹால் நிரம்ப நிரம்ப, இதய வடிவத்துக்குள் ஜோடிகள், ரோஜாப்பூவுக்குள் ஜோடிகள். இளம் தம்பதி வீடியோ போட டிவி எங்கே என்று தேடினார்கள். என் கடைசி நம்பிக்கை என் மனைவி. நான் இதுவரை அவளிடம் காணாத வெட்கத்தோடு எங்களுடையதை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்க வாயத் திறந்து சொல்லல. ஆனா எனக்குப் புரிஞ்சுதுங்க” என்றாள்.

நம் ஊரில் ஆல்பம் என்றால் ஒன்றுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அலமாரி நிறைய ஆல்பம் வைத்திருந்த என்னைத் தவிர. அப்போதுதான் கேன் தண்ணீர்க்காரருக்கு நான் எழுதிய பதில் நினைவுக்கு வந்தது. அதேநேரம் லிஃப்டும் திறந்தது. அவர் பின்னால் பதுங்கிவர, முன்னால் அவருடைய மனைவி வந்தாள். அதாவது இரண்டாவது மனைவி.

“இன்னா சார், என் வூட்டுக்காரரோட மொத கல்யாண ஆல்பத்த எட்தாரச் சொன்னீங்களாமே?”

“அம்மா, அது வந்து...”

“ரெண்டாவது வேணவே வேணாம்னீங்களாமே? மொதலாவதுல தான் உயிர் கீதாமே? வூட்ல வேற வந்து பேசறேன்னீங்களாமே? பேசுங்க! இப்ப பேசுங்க!”

ஹால் முழுக்க ஆல்பங்களை மூடிவிட்டு என்னைப் பார்த்தது. எனக்குத் தெரிந்த தேதிகள் எதுவும் உதவவில்லை. மச்சான் எழுந்தார். என்னைக் காப்பாற்றவா, இதைவிட நல்ல தருணம் வராது என்றா, இன்றுவரை சொல்ல மறுக்கிறார். கேசட்டைப் போட்டு அமுக்கினார்.

பம்பையும் உடுக்கையும் ஹாலை உலுக்கின. “ஆத்தா!” என்று மச்சானின் இளவயதுக் குரல் எழுந்தது. என்னை நோக்கி நீண்டிருந்த அந்தம்மாவின் விரல் அப்படியே மடங்கிக் கன்னத்துக்குப் போனது. அம்மன் பாட்டு ஓடும்போது யாரையும் திட்டக்கூடாது. கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் மெதுவாக ஆல்பங்களைப் புரட்டத் தொடங்கினார்கள்.

இரண்டாவது பாட்டில், சரணத்தின் நடுவே, எல்லாம் சட்டென்று நின்றது.

“கரண்ட் போச்சா?” என்றார் டீச்சரின் கணவர்.

“இல்லல்ல, ஓடுது” என்றார் மச்சான் கூனிக்குறுகி.

எனக்குக் காரணம் தெரியும். அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் பாடுவதை நிறுத்திவிட்டு, போனபின் தொடர்வார்கள். இடைவெளியை வெட்டி ஒட்ட அங்கே யாருக்கும் தெரியாது. தூரத்தில் ஒரு கர்ஜனை கேட்டு, தேய்ந்து, மறுபடி “ஆத்தா!” என்று பாட்டு பிடித்துக்கொண்டது.

அந்தம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. “பாட்டு நிக்குது பாருங்க, அந்த எடத்துல தான் ஆத்தா வரா. சிங்கம் உறுமுறது கேக்குது.”

மச்சான் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன். வாழ்நாளில் ஒரு பிழையை நான் திருத்தாமல் விட்டது அன்றுதான்.

அவள் கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தாள். “வாடியவர்னு போட்டுக்கீதே. அவ்ளோ விரதமாண்ணா?”

“ஆமாம்மா” என்றார் மச்சான். என் அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல உடம்பு அவருக்கு.

“ஆடில பீர்க்கன்கரணைல எங்க கோயில்ல கூழ் ஊத்தறோம். இத எனக்குக் குடுங்கண்ணா, அங்க போடறேன்.”

மச்சான் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். உறவுக்காரர் அல்ல. தாமாகக் கேட்கிறார். அட்டையில் ‘முதல் ஆல்பம்’ என்று தேதியோடு எழுத நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“முதல்னு எழுதினா ரெண்டாவதும் வரணுமே?” என்று கேட்டாள் என் மனைவி.

“ரெண்டாவது தான்க்கா எப்பவும் நல்லா அமையும்” என்றார் கேன் தண்ணீர்க்காரர் அவசரமாக, தன் மனைவியைப் பார்த்து. அவளும் அன்றைக்கு அவரை மன்னித்தாள். என்னை இன்னும் இல்லை. கேன் தாமதமாகத்தான் வருகிறது.

ஆடி ஞாயிறன்று மச்சானும் நானும் பீர்க்கன்கரணைக்குப் போனோம். யாரோ கேசட்டை செல்போனுக்கு மாற்றியிருந்தார்கள். குழாய் ஒலிபெருக்கியில் அவர் குரல் ஏரிக்கரை வரை போய்க்கொண்டிருந்தது. விமானம் வரும் இடத்தில் பாட்டு நின்றபோது, கூழ் ஊற்றிய, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கரண்டியோடு நின்று கண்ணை மூடிக்கொண்டாள். வரிசையும் காத்திருந்தது.

பாட்டு தொடர்ந்ததும் மச்சான் சொம்பை நீட்டியபடி, ஒன்றும் தெரியாதவர்போல் அவளிடம் கேட்டார். “நல்லாக் கீதே. யாரும்மா பாடறது?”

“தெர்லண்ணா. யாரோ புதுப் பையன் போல.”

புதுப் பையன் கூழை என் கையில் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று காலரைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் கவனித்தேன், தோள்பட்டை தொங்கியது. அது என் சட்டை.