கடை கடையாய் ஒரு நாள்

‘கப்பல் வந்தால் கல்யாணம், வராவிட்டால் கஞ்சி’ என்று எங்கள் தீவில், டெலானிபூர் பக்கம் ஒரு பேச்சு உண்டு. முதலில் சொன்னவர் யாரோ, வயிறு காய்ந்துதான் சொல்லியிருப்பார். அந்த மழைக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் புயலால் வரவில்லை. எனக்கு ஏழு வயது. தம்பி பச்சைப்பிள்ளை. காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிப்போனது; ஆட்டுப்பால் தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லை; ஆஸ்பத்திரியிலும் பால்மா தீர்ந்துவிட்டது. இதெல்லாம் பிற்பாடு நான் கூட்டிச் சேர்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஹேடோ துறையில் சரக்கு இறக்கும் அப்பா வேலைக்குப் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினார்.

“வீட்டுல நின்னு பொம்பளைங்க காலுக்குள்ள மிதிபடாத, வா.”

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற இடத்தைத் தவிர வேறு கடையை நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ராவுத்தர் கடையில் நுழைந்ததும் உலகமே அலமாரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. பினாங்கு ஜாதிக்காய் மிட்டாய், சிங்கப்பூரிலிருந்து வந்த கறுப்புச் சாறு பாட்டில், மீசை வைத்த பாம்புப் படம் போட்ட சீனத்துத் தேயிலைப் பெட்டி. ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து முகர்ந்தேன்.

“பால்மா டப்பா இருக்கா பாய்?”

“கடையில ஈ எறும்பத் தவிர சரக்கே இல்ல தம்பி. ஜஹாஜ் துறைக்கு வரட்டும், மொத டப்பா ஒங்களுக்குத்தான்.”

இத்தனையை அடுக்கி வைத்துக்கொண்டு சரக்கே இல்லை என்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அவர் என் உள்ளங்கையில் ஒரு ஜாதிக்காய் மிட்டாயை வைத்தார். நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு எரிச்சல்.

வங்காளி கடையில் கடுகெண்ணெய் நெடி கண்ணைக் கரித்தது. “நஹீ பாபு, குச் நஹீ” என்று கையை விரித்தவர், எனக்கு ஈச்சவெல்லம் கிள்ளிக் கொடுத்தார். மலையாளத்தார் கடையில், குதிரைமேல் ராணி உட்கார்ந்திருந்த சீமை மிட்டாய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. ஒவ்வொரு ‘இல்லை’யும் எங்களை இன்னொரு கடைக்கு அனுப்பியது. அப்பாவின் நடை ஓட்டமானது. எனக்கோ திருவிழா.

தேடுகிறவனுக்குத் தெருவெல்லாம் வாசல் என்பார்கள். எந்த வாசல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஃபீனிக்ஸ் பே துறைக்குத் திரும்பும் முனையில் பர்மாக்காரம்மா கடை. வாசலில் தோரணமாகக் கருவாடு. உள்ளிருந்து புளித்த மீன் விழுதின் வீச்சம். அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது கருவாட்டுக் கடை. இங்க என்ன இருக்கப்போவுது? நாத்தம், வா.”

நான் பின்தங்கிக் கருவாட்டுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். உள்ளே பலகையில் ஒரு டப்பா. வட்ட வட்டமாய் எழுத்து; கன்னம் உப்பிய குண்டுப் பாப்பா படம். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைக்கார அம்மாவும் சிரித்தாள். அதற்குள் அப்பா கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மறுநாள் தம்பி இறந்துபோனான். கப்பல் அதன் பிறகு வந்தது. அதிலிருந்த பால்மாப் பெட்டிகளை ஹேடோவில் அப்பாவும் சேர்ந்துதான் இறக்கினார்.

சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்த அம்மா ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

“அன்னைக்கு அப்பாவும் நீயும் எந்தெந்தக் கடைக்குப் போனீங்க? ஒண்ணு விடாம சொல்லுடி.”

அம்மா என்னிடம் கதை கேட்கிறாள்! மிட்டாய், ராணி, மீசைப் பாம்பு என்று நீட்டி முழக்கினேன். “அப்புறம்? அப்புறம்?” என்றாள். அப்பா சற்றுத் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பர்மாக்காரம்மா கடைக்குள்ள போகலம்மா, ஒரே நாத்தம். ஆனா நான் எட்டிப் பாத்தேனே! குண்டுப் பாப்பா படம் போட்ட டப்பா இருந்துச்சு.”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா அவரைப் பார்த்தாள். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த டப்பாவில் இருந்தது பால்மாவா, பிஸ்கோத்தா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவோ அப்பாவோ போய்க் கேட்டதாகவும் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரே கவலை, கதை ருசிக்கவில்லை போலிருக்கிறதே என்று. அதனால் மறுநாள் இருவரும் வீட்டில் இருக்கும்போது, அம்மா கேட்காமலேயே, மறுபடி ஆரம்பித்தேன். இம்முறை பர்மாக்காரம்மா கடையில் அந்தக் குண்டுப் பாப்பா டப்பாக்களைத் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினேன்.