ஒட்டுசுட்டானில் விழுந்த கமராவும் ஒரு படகுப் படமும்

1. மல்லாவியில் வசிப்பவனும் சட்டத்தரணியுமாகிய இ. ரவீந்திரன் ஆகிய நான், கீழ்வருவன யாவும் என் கண்முன் நிகழ்ந்தவை எனப் பதிகிறேன்.

2. சென்ற ஞாயிறு முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் சென்றோம். என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் அன்ரனுடைய புதுப் படகு அன்று மாலை முதன்முறையாகக் கடலில் இறங்கவிருந்தது. அவர்களின் தம்பி குயின்ரன் மறுநாள் கட்டாருக்கு வேலைக்குப் புறப்படவிருந்தார். இருவரும் படகோடு நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட வேண்டும், கைப்பேசிப் படம் போதாது என்று அவர்களின் தாயாரான என் மாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே என் கமராவையும் கொண்டுசென்றேன்.

மல்லாவியிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். முச்சக்கரவண்டிக்குப் போகவர பதினாலாயிரம் ரூபா. வீதி நன்று; மாடுகளும் அவ்வாறே கருதுகின்றன. ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் ஒரு மாட்டுக்கூட்டத்துக்காகச் சாரதி மயூரன் சடுதியாக நிறுத்தினார். மடியிலிருந்த கமரா வீதியில் விழுந்தது.

“மாடு தப்பிட்டுது சேர். கமரா எப்பிடி?”

“ஒருத்தரும் தொடாதேங்கோ!” என்றேன்.

“இஞ்சருங்கோ, இது கொலை வழக்கில்லை,” என்றார் ஜெசிந்தா.

கமராவை இயக்காமல் முதலில் மின்கலத்தைக் கழற்றினேன். காதருகே மெல்ல ஆட்டியபோது உள்ளே எதுவும் கிலுகிலுக்கவில்லை. அடிமூலையில் ஒரு நசிவு. லென்ஸின் முன் பூட்டியிருந்த காப்புக் கண்ணாடி வெடித்திருந்தது. துடைத்தால் துகள்கள் லென்ஸைக் கீறும். எனவே தரைநோக்கிப் பிடித்தபடி அதன் வளையத்தைத் திருகினேன். அசையவில்லை. மயூரன் குறடொன்றை எடுத்துவந்தார்.

“குறடு வேண்டாம் தம்பி.”

“பயப்பிடாதேங்கோ சேர், நான் எஞ்சினே கழட்டிப் பூட்டினனான்.”

“அதுதான் வழியில ரெண்டுதரம் நிண்டதோ?” என்றார் ஜெசிந்தா.

அவரே சாப்பாட்டுப் பொதியின் றப்பர் வளையத்தை எடுத்துக் காப்புக் கண்ணாடியின் விளிம்பில் சுற்றித் தந்தார். பிடி கிடைத்தது, கண்ணாடி கழன்றது. லென்ஸில் கீறலில்லை. மின்கலத்தைப் பூட்டி, தூரத்துப் பனையையும் அருகிலிருந்த ஒரு கடைச் சுவரையும் எடுத்து, திரையில் பெரிதாக்கி ஓரங்களைப் பார்த்தேன். எல்லாம் தெளிவு, வலப்பக்க ஓரத்தைத் தவிர. மீண்டும் எடுத்தேன், அதே மங்கல்.

கடற்கரையில் சுவாமியார் படகை ஆசீர்வதித்து முடித்திருந்தார். உறவினர் அனைவரும் படகின்முன் வரிசையாக நின்றனர். அறிந்த குறையை மறைப்பது எனக்கு வழக்கமில்லை.

“வலப்பக்க ஓரத்தில நிக்கிறவர் தெளிவா விழமாட்டார். முதலே சொல்லிப்போடுறன்.”

வரிசை முழுவதும் இடப்பக்கம் நெருக்கியது. அந்தப் பக்கம் கடல். அன்ரன் படகின் பின்னால் மறைந்தார். குயின்ரன் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்.

“அத்தான், நாளைக்குத்தான் பிளேன். இண்டைக்கே என்னைக் கடல் தாண்ட விடாதேங்கோ!”

இழுத்தாலும் ஒருவரும் அந்த ஓரத்துக்கு வரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அப்போது மயூரன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

“அந்த ஓரத்தை எனக்குத் தாங்கோ சேர். நான் மங்கலா விழுந்தாத்தான் வடிவு.”

எல்லோரும் சிரித்தபடி பழைய இடங்களுக்குத் திரும்பினர். அந்தச் சிரிப்பிலேயே எடுத்தேன். அண்ணனும் தம்பியும் நடுவில், தோளில் கைபோட்டபடி, இமைமயிர் வரை தெளிவு. மாமி திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம், இது காணும், மாட்டலாம்,” என்றார்.

இவ்வழி செல்வோர்க்கு: கமராவின் வாரைக் கழுத்தில் மாட்டுங்கள். விழுந்துவிட்டால் உடனே இயக்காதீர்கள், துடைக்காதீர்கள். தட்டையான சுவரொன்றை எடுத்து நான்கு ஓரங்களையும் சோதியுங்கள். முடிவை, படமெடுத்த பின்னரே உறவினருக்கு அறிவியுங்கள்.

ஒப்பம்: இ. ரவீந்திரன்
சாட்சிகள்: ஜெசிந்தா ரவீந்திரன், மயூரன் (படத்தில் வலப்பக்க ஓரம்)